சுமந்தவளுக்கும் ஒரு மனை

பிள்ளை வரம் வேண்டித் திருக்கருகாவூர் சென்று, கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியின் படியை நெய்யால் மெழுகிக் கோலமிட்டுத் திரும்பியவர்கள் இவ்விதழின் வாசக அன்பர்களுள் பலர் இருப்பீர்கள். தமக்காக இல்லாவிடினும் மகளுக்காகவோ மருமகளுக்காகவோ அந்த நெய்ப் பிரசாதத்தை வாங்கி வந்திருப்பீர்கள். தலவரலாறும் அறிந்ததே. நித்துருவ முனிவரின் பத்தினி வேதிகை கருவுற்றிருந்த காலத்தில், முனிவர் வெளியே சென்றிருந்த வேளையில், ஊர்த்துவபாதர் பிட்சைக்கு வந்தார். கருவின் களைப்பால் அவளால் எழுந்து உபசரிக்க இயலவில்லை. அவர் சினந்து சபிக்க, கரு கலைந்தது. வேதிகை கதறி வேண்ட, அம்பிகை அக்கருவை ஒரு தெய்வீகக் குடத்தில் ஏந்திக் காத்து, மாதம் நிறைந்ததும் நைத்துருவன் என்னும் மகவாக அவள் கையில் கொடுத்தாள். காமதேனு வந்து பால் சொரிந்தது.

இக்கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், பின்னர் எங்கள் தெருப் பெண்களின் வெள்ளிக்கிழமை வழிபாட்டிலும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒரு தாயின் கரு அவள் வயிற்றுக்கு வெளியே, வேறோர் இடத்தில் பத்திரமாக வளர்ந்து, நாள் நிறைந்து அவளிடமே வந்து சேரும் என்பதை அதன் நேர்ப்பொருளில் என் வீட்டிலேயே காண்பேன் என்று நான் நினைத்ததில்லை.

மதுரை கோச்சடையில், முத்தையா சுவாமி கோயிலுக்கு நான்கு தெரு தள்ளி எங்கள் வீடு. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், வயது அறுபத்தொன்பது. எங்களுக்கு ஒரே மகன். மருமகள் அஞ்சல் துறையில் பணி செய்கிறாள். 2019ஆம் ஆண்டு அவள் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது ஒரு நள்ளிரவில் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிட்டது. குழந்தை தங்கவில்லை. குருதிப்போக்கு நிற்காமையால், தாயின் உயிரைக் காக்கக் கருப்பையை அகற்றும்படி ஆயிற்று. அன்று அவளுக்கு வயது இருபத்தேழு. வளைகாப்புக்குப் போட்ட வளையல்களை மருத்துவமனையில் ஒவ்வொன்றாகக் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். அதற்குமேல் அந்த இரவைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஓராண்டு கழித்து மறுபரிசோதனைக்குச் சென்றபோதுதான் மருத்துவர் அம்மையார் ஒன்றை விளக்கினார். கருப்பை வேறு, கருமுட்டை உருவாகும் சினைப்பை வேறு. மருமகளின் சினைப்பைகள் இரண்டும் நலமாக இருந்தன; மாதந்தோறும் முட்டை உருவாகிக்கொண்டேதான் இருந்தது. வளர்வதற்கு இடம்தான் இல்லை. பிறவியிலேயே கருப்பை இல்லாத பெண்களும் உண்டாம். ஏறத்தாழ ஐயாயிரம் பெண்களில் ஒருவருக்கு அந்நிலை. இத்தகையோரின் முட்டையையும் கணவரின் உயிரணுவையும் ஆய்வகத்தில் இணைத்துக் கருவாக்கி, வேறொரு பெண்ணின் கருப்பையில் வைத்து வளர்க்கலாம். அப்படிப் பிறக்கும் மகவு, சுமப்பவளின் வித்தன்று. நிறம், சாயல், குலம் அனைத்தும் முட்டையும் உயிரணுவும் தந்தவர்களுடையவை.

அதைத்தான் ஊரார் ‘வாடகைத்தாய்’ என்கிறார்கள். அரசாங்கத்துச் சட்டமும் தமிழில் அப்பெயரோடுதான் வழங்குகிறது. ஆசிரியையாக இருந்த எனக்கு அச்சொல் அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. வாடகை என்பது வீட்டுக்கும் பாத்திரத்துக்கும் பந்தலுக்கும் கொடுப்பது. அதிலும் வேடிக்கை, இப்போதுள்ள சட்டப்படி வாடகை கொடுப்பதே குற்றம்! கொடுத்தால் சிறை என்றிருக்க, பெயர் மட்டும் வாடகைத்தாய். நான் ‘சுமந்தவள்’ என்றே எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

முன்பு அப்படி இல்லை. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அடுத்த சில மாதங்களில், அக்டோபர் 3ஆம் நாள், கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் அவர்களின் முயற்சியால் நம் நாட்டிலும் ஒரு பெண்மகவு பிறந்தது. துர்க்கா பூஜைக் காலமாதலால் துர்கா என்று பெயரிட்டார்கள். அம்மருத்துவரை அன்றைய உலகம் நம்பவில்லை. 1981இல் மனமுடைந்து உயிர் நீத்தார். தென்னகத்தில் 1990இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் அவர்களால் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. இவ்வழி திறந்த பின்னரே ஒருவரின் கருவை மற்றொருவர் சுமப்பதும் இயல்வதாயிற்று. குஜராத்தின் ஆனந்த் நகரில் 2004இல் ஒரு பாட்டி, வெளிநாட்டில் வாழ்ந்த தம் மகளுக்காக இரட்டைப் பேரக்குழந்தைகளைத் தம் வயிற்றிலேயே சுமந்து பெற்றார். அச்செய்தியை நாளிதழில் படித்தபோது ‘இப்படியும் ஒரு தாயா’ என்று வியந்தது நினைவிருக்கிறது.

அதன்பின் அது வணிகமாயிற்று. வெளிநாட்டார் வந்தார்கள், இடைத்தரகர்கள் பெருகினார்கள், கடனில் மூழ்கிய ஏழைப் பெண்கள் வயிற்றைக் கொடுத்தார்கள். 2008இல் ஒரு ஜப்பானியத் தம்பதியருக்காக ஆனந்த் நகரில் ஒரு பெண் கருச்சுமந்தாள். குழந்தை பிறக்குமுன்பே அத்தம்பதியர் மணமுறிவு பெற்றுவிட்டனர். பிறந்த மகவை யாருடையது என்று சொல்லச் சட்டம் இல்லை. தந்தையின் தாயார், வயதான ஜப்பானியப் பாட்டி, கடல் கடந்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டு உச்சநீதிமன்றம் வரை சென்றார். பேத்தியை ஊருக்கு அழைத்துச் செல்ல அவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. பாஷை தெரியாத ஊரில் கைக்குழந்தையோடு நீதிமன்றத்துக்கு அலைந்த அந்த மூதாட்டியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இவற்றுக்கெல்லாம் பின்னர்தான் 2021ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வாண்டு அக்டோபரில் நடிகை நயன்தாரா, இயக்குநர் விக்னேஷ் சிவன் தம்பதியர் இரட்டைக் குழந்தைகளுக்குப் பெற்றோரானதாக அறிவித்ததும், ஜூனில் திருமணம், அக்டோபரில் குழந்தைகளா என்று நம் மாநிலமே பேசியது. தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. அவர்களுடைய பதிவுத் திருமணம் 2016லேயே நடந்திருந்தது, ஒப்பந்தம் புதிய சட்டத்துக்கு முந்தியது, விதிமீறல் இல்லை என்று அம்மாத இறுதியில் அறிக்கை வந்தது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் அச்செய்தி ஓடியபோது மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வாயில் வைக்கவே தயங்கிய ஒரு பேச்சை ஊரே வேடிக்கையாகப் பேசியது அவளுக்குப் பொறுக்கவில்லை.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் இல்லங்களிலும் தேவைப்படலாம். குழந்தை வேண்டுவோர் திருமணமான இந்தியத் தம்பதியராக இருத்தல் வேண்டும். மனைவிக்கு 23 முதல் 50, கணவனுக்கு 26 முதல் 55 வயது. கைம்பெண்ணோ மணமுறிவு பெற்றவளோ ஆயின் 35 முதல் 45. சுமப்பவள் மணமானவளாக, சொந்தக் குழந்தை உடையவளாக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் சுமக்கலாம். தன் கருமுட்டையைத் தரக் கூடாது. மருத்துவச் செலவும், விதிகளில் சொல்லிய பிற செலவுகளும், முப்பத்தாறு மாதக் காப்பீடும் தவிர, பணமாகவோ பொருளாகவோ எதையும் அவளுக்குக் கொடுக்கக் கூடாது. வணிகமாகச் செய்தால் பத்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பிறக்கும் குழந்தை எல்லா வகையிலும் அத்தம்பதியரின் சொந்த மகவாகவே கருதப்படும். எக்காரணத்தாலும் அதைக் கைவிடக் கூடாது.

வழியைக் கண்டோம், சுமப்பவர் யார்? கூலி கொடுக்க முடியாதென்றால் குடும்பத்தில்தான் தேட வேண்டும். அங்கேதான் எனக்கு அச்சம். ஏழைப் பெண்ணைப் பணம் வளைக்கும். உறவுக்காரப் பெண்ணை உறவு வளைக்கும். ‘உன் தங்கைக்காக இதைக்கூடச் செய்யமாட்டாயா’ என்று நாலு பேர் சொன்னால் எந்தப் பெண்ணால் மறுக்க முடியும்? சுமப்பவள் நெருங்கிய உறவினராகவே இருக்க வேண்டும் என்று முதலில் எழுதப்பட்டிருந்த விதியை, மாநிலங்களவைத் தெரிவுக்குழு 2020இல் ஆராய்ந்து, விருப்பமுள்ள எந்தப் பெண்ணும் சுமக்கலாம் என்று மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றே கருதுகிறேன். அதற்கு முன் 2017இல் நாடாளுமன்ற நிலைக்குழு, சுமப்பவளுக்கு நியாயமான ஈட்டுத்தொகை தரலாம் என்றே பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. ஏற்றிருக்கலாம் என்பது என் எண்ணம்.

நாங்கள் யாரையும் கேட்கவில்லை. மருமகளின் பெரியப்பா மகள், சோழவந்தானில் வாழ்க்கைப்பட்டவள், தானே வந்தாள். மருமகளுக்கு இரண்டு வயது மூத்தவள், கணவருக்கு வெற்றிலைக் கொடிக்கால், ஒரே மகன். 2023 சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவள், கொண்டுவந்த வெற்றிலைக் கவுளியை என்னிடம் கொடுத்துவிட்டு, “அத்தை, இவ பிள்ளையை நான் சுமந்து தாரேன். எங்க வீட்டுல அவுகளுக்கும் சம்மதம்” என்றாள். மருமகள் மூன்று மாதம் ஒப்பவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. மருத்துவரிடம் சென்றபோது ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன்: அந்தப் பெண்ணிடம் எங்களில் எவரும் உடனிராமல், அவள் கணவரும் இல்லாமல், தனியே பேச வேண்டும் என்று. பின்விளைவுகள் யாவற்றையும் அவளறிந்த மொழியில் சொல்லி எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும் என்பதும், கரு வைக்கும் கணம்வரை அவள் ‘வேண்டாம்’ என்று பின்வாங்கலாம் என்பதும் சட்டத்திலேயே உள்ளன. ஒரு மணி நேரத்துக்குப் பின் அவள் வெளியே வந்து, “பயமாத்தான் இருக்கு. ஆனா செய்றேன்” என்றாள். பயமில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்று, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பெற்றோருரிமை ஆணை, காப்பீடு, தகுதிச் சான்று என்று சில மாதங்கள் ஓடின. நீதிமன்ற ஆணை முக்கியமானது. பிறக்கப்போகும் குழந்தை இன்னாருடையது என்பதைக் கரு உண்டாகுமுன்பே அது நிலைநிறுத்திவிடுகிறது.

பிறகு மருத்துவம். மருமகளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, சிறு மயக்கத்தில் எடுத்தார்கள். மகனின் உயிரணுவோடு சேர்த்து ஐந்து நாள் ஆய்வகத்தில் வளர்த்த கருக்களில் நான்கு தேறின. அவற்றைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் உறைய வைத்தார்கள். அக்குளிரில் ஓர் உயிர் உறங்கிக் காத்திருக்கும் என்று கேட்டபோது எனக்குக் குடத்துக் கருதான் நினைவு வந்தது. அங்கே சோழவந்தான் மகளுக்கு மாத்திரை கொடுத்துக் கருப்பையின் உட்படலத்தைப் பக்குவப்படுத்தி, மெல்லிய குழாயின் வழியே ஒரே ஒரு கருவை வைத்தார்கள். ஒன்றுதான் வைக்க வேண்டும் என்பது விதி. தனிக் காரணம் இருந்தாலே மூன்று வரை. வெட்டுக் காயம் ஏதுமில்லை. சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் அதன்பின் வாரக்கணக்கில் நாள்தோறும் இடுப்பில் ஊசி. எண்ணெய் கலந்த மருந்தாதலால் ஊசி போட்ட இடமெல்லாம் கட்டிகட்டியாகக் கல்லித்துவிடும். அவள் கணவர் இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாராம். முதல் முறை கரு தங்கவில்லை. மூன்று முறைக்குமேல் முயலக் கூடாது. இரண்டாம் முறை 2023 மார்கழியில் வைத்த கரு தங்கியது.

இவையெல்லாம் இயற்கைக்கு மாறானவை அல்லவா என்று என் வயதொத்த தோழி ஒருத்தி கேட்டாள். என் கணவரின் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் இருக்கின்றன. அவளுக்கு இரு கண்ணிலும் செயற்கை லென்ஸ். அதைக் கொண்டுதான் அவள் நாள்தோறும் கந்தபுராணம் பாராயணம் செய்கிறாள். நான் பதில் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் திருக்கருகாவூர் சென்றோம். முன்பு நெய்க்குச் சென்ற அதே சன்னிதிக்கு, இப்போது சுகப்பிரசவத்துக்கான விளக்கெண்ணெய்க்காக. அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள், “கர்ப்பவதி பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார். என் மருமகள் வாய் திறந்தவள் நின்றுவிட்டாள். மறுகணம், “எங்க அக்கா” என்று அவள் கையைப் பிடித்து முன்னே நிறுத்தி, அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் தானே சொன்னாள். அந்த ஒரு கணத்தில் அவள் எதைக் கடந்தாள் என்பதை நான் அறிவேன். அர்ச்சனை முடிந்தபின் குருக்களிடம் விவரம் சொன்னேன். அவர் சற்றே யோசித்து, “அப்போ இன்னொரு அர்ச்சனை, அம்மா அப்பா பேருக்கும் பண்ணிடலாம்” என்று தாமாகவே மறுபடி சங்கற்பம் செய்துவைத்தார்.

திரும்பும் வழியெல்லாம் முருகப்பெருமானின் திருநாமங்களே என் நெஞ்சில் ஓடின. அவன் சிவகுமாரன், உமைபாலன், அதில் ஐயமில்லை. ஆயினும் பொறிகளை ஏந்திச் சென்ற அக்கினியால் அக்கினிபூ ஆனான். கங்கை சுமந்தமையால் காங்கேயன். சரவணப் பொய்கை தாங்கியமையால் சரவணபவன். கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டியமையால் கார்த்திகேயன். தன்னைச் சுமந்த ஒவ்வொருவர் பெயரையும் அவன் தன் பெயராகவே சுமக்கிறான்! பலராமர் கதையும் அவ்வாறே. தேவகியின் ஏழாம் கருவை யோகமாயை ரோகிணியின் வயிற்றுக்கு மாற்றினாள். அவரை ரோகிணியின் மைந்தன் என்றுதான் புராணங்கள் கொண்டாடுகின்றன. இத்தனை காலம் இந்நாமங்களைச் சொல்லி வந்தும், அவை நன்றிக் கடன் என்பது அன்று காரில் வரும்போதுதான் எனக்கு விளங்கிற்று. நம் அன்னை மீனாட்சியும் வேள்வித்தீயில் தோன்றியவளே. வயிற்றில் சுமக்காத காஞ்சனமாலையை அவளுக்குத் தாயல்லள் என்று மதுரையில் யாரேனும் சொல்வரோ?

ஏழாம் மாதம் வளைகாப்பு. என் கையிலிருந்த இரண்டு பொன் வளையல்களை அவளுக்குப் போட எண்ணி மெருகிட்டு வைத்திருந்தேன். எங்களுக்கு உதவிய வழக்கறிஞர் தடுத்துவிட்டார். “பணமாகவோ பொருளாகவோ என்று சட்டத்தில் இருக்கிறது அம்மா. பொன் வளையல் பொருள்தானே? நாளைக்கு யாராவது ஒரு மனு எழுதிப் போட்டால் அந்தப் பெண்ணுக்கும் சேர்ந்து தொல்லை” என்றார். தங்கை அக்காளுக்குப் போடும் வளையலுக்குக்கூடச் சட்டம் குறுக்கே நிற்குமோ என்று கேட்டேன். நிற்காமலும் போகலாம், ஆனால் எதற்கு வீண்வம்பு என்றார். கண்ணாடி வளையல்கள்தாம் அடுக்கினோம். பச்சையும் சிவப்புமாக இரு கை நிறைய.

அந்த வளையலோடு அவள் ஊருக்குத் திரும்பியபோது, கடைவீதியில் ஒரு பெண்மணி, “எவ்வளவு வாங்கின?” என்று கேட்டாளாம். ஊசியும் வாந்தியும் கால்வீக்கமும் அவளை அழ வைக்கவில்லை. இக்கேள்வி அழ வைத்தது. அவள் மாமியாரும் அதுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘என் மகன் வீட்டில் வேறொருவன் பிள்ளை’ என்று தொடக்கத்தில் அந்த அம்மையார் சொன்ன சொல்லில் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் மருண்டிருக்கக் கூடும். இத்தகைய பேச்சுக்கு அஞ்சித்தான் பல குடும்பங்கள் சுமப்பவளை வேற்றூரில் ஒளித்து வைக்கின்றன. எங்களுக்கும் அந்த யோசனை சொன்னார்கள். அவளுடைய ஏழு வயது மகன் தாயைப் பிரிந்து எப்படி இருப்பான்? திருட்டுப் பொருளையா அவள் சுமக்கிறாள்? ஒளிக்க மாட்டோம் என்று முடிவு செய்தோம். ஞாயிறுதோறும் மருமகள் மேலக்கால் வழியே பேருந்தேறிச் சோழவந்தான் போவாள். அக்காள் வயிற்றருகே அமர்ந்து பேசுவாள், பாடுவாள். ஆறு மாதம் கடந்த சிசுவுக்குச் செவி கேட்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கயாதுவின் வயிற்றிலிருந்து நாரதரின் உபதேசம் கேட்ட பிரகலாதனின் கதை தெரிந்தவர்கள் நாம். நமக்கு அதை நம்புவதில் சிரமம் என்ன?

2024 ஆகஸ்டில் அறுவை சிகிச்சை மூலம் பேத்தி பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. செவிலி குழந்தையை மருமகள் கையில் கொடுத்தாள். எல்லாரும் குழந்தையைச் சூழ்ந்துகொண்டோம். என் மகன்தான் முதலில் அங்கிருந்து விலகி, அறுவை அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த கட்டிலருகே போய் நின்றான். மற்றவர்கள் பின்னர்தான் சென்றோம்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டியது. கருவை யார் தந்தது என்பதை மார்பு அறியாது. பால் வற்ற மாத்திரை உண்டு, அல்லது பீய்ச்சிக் கொடுக்கலாம் என்றார் மருத்துவர். இதை நாங்கள் எவரும் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவில்லை. இப்பாதையில் செல்வோர் இதையும் முன்பே பேசிவைத்தல் நலம். என் மருமகளின் முகத்தில் ஒரு நிழல் ஓடியது. குழந்தை அக்காளின் மார்பையே தாயென்று பற்றிக்கொள்ளுமோ என்னும் அச்சம் அவளுக்கு. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. அக்காள்தான், “பீய்ச்சித் தாரேன், பாலாடையில நீ புகட்டு” என்றாள். பத்து நாள் அப்படியே நடந்தது. சீம்பாலும் அதன்பின் வந்த பாலும் அவளுடையவை. பாலாடை பிடித்த கை இவளுடையது. பதினோராம் நாள் அவள் ஊருக்குப் போனாள். போன பின்னரும் ஒரு வாரம் மார்பு வலியும் காய்ச்சலுமாகக் கிடந்தாள் என்று பிறகே தெரிந்தது.

சுமந்தவளுக்கும் சிசுவுக்கும் குருதி நேராகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடி வழியே உணவும் பிராணவாயுவும்தாம் செல்கின்றன. எனினும் சிசுவின் உயிரணுக்கள் சில, கருவுற்ற தாயின் உடலில் புகுந்து பல்லாண்டு தங்குவதை அறிவியலார் கண்டிருக்கிறார்களாம். இதை என் மகன் படித்துச் சொன்னபோது, அந்தப் பெண்ணிடம் உடனே தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “அப்ப பாப்பா இன்னும் கொஞ்சம் எங்கிட்டயேதான் இருக்கு” என்றாளாம்.

முப்பதாம் நாள் புண்ணியாகவாசனமும் பெயர்சூட்டலும். எங்கள் குடும்ப வாத்தியாரிடம் என் ஐயங்கள் அனைத்தையும் முன்பே கேட்டுவிட்டேன். இது தத்து எடுப்பதா? “இல்லை. கொடுப்பதும் வாங்குவதும் இதில் இல்லை. மகவு உங்கள் மகனுடைய வம்சம். கோத்திரம் மாறவே இல்லை” என்றார். தீட்டு யாருக்கு? பிறப்புத் தீட்டு தந்தைவழிக்கு, பெற்ற உடம்புக்குரிய ஓய்வு பெற்றவளுக்கு என்றார். உங்கள் குலவழக்கம் வேறாக இருக்கலாம். உங்கள் பெரியோரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மனையில் யார் அமர்வது? தாயும் தந்தையும் அமர வேண்டியது முறை. அவளுக்கு? வாத்தியார் சிறிது நேரம் விரலால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “மூன்றாவதாக ஒரு மனை போடுங்கள். அவள் கணவரும் கூட அமரட்டும். சங்கற்பத்தில் அவர்கள் க்ஷேமத்தையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு முதல் அட்சதை அவள் கையால்” என்றார். சாஸ்திரத்தில் இதற்கு இடம் எங்கே என்று நான் துருவிக் கேட்கவில்லை. அவர் முகத்தில் இருந்த தெளிவு எனக்குப் போதும்.

பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் இல்லை. சட்டப்படி இருக்கவும் கூடாது. பொன்னும் கொடுக்க முடியாது. மத்திய அரசு அவ்வாண்டு ஜூனில் திருத்திய விடுப்பு விதியின்படி, சுமந்து பெறாவிட்டாலும் என் மருமகளுக்கு நூற்றெண்பது நாள் விடுப்புக் கிடைத்தது. அரசு ஊழியராக இருந்தால் சுமப்பவளுக்கும் உண்டாம். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுபவளுக்கு அது யார் தருவார்? காப்பீட்டுப் பத்திரம் மட்டும் அவள் பெயரில் எங்கள் பூசை மாடத்தில் இருக்கிறது. தவணை தவறாமல் கட்டிவருகிறோம்.

தமிழில் அவளுக்கென்று ஒரு சொல் முன்பே ஆயத்தமாக இருந்ததை என்னவென்பது! தாயின் தமக்கையைப் பெரியம்மா என்கிறோம், பெரிய தாயார். என் பேத்தி இப்போது ‘பெயிம்மா’ என்று மழலையில் அழைக்கிறாள். சுமந்தவளின் மகன் பள்ளியில், “எங்க பாப்பா மதுரையில இருக்கு” என்று சொல்லிக்கொள்கிறானாம். வளர்ந்தபின் எப்படிப் பிறந்தாய் என்பதைப் பேத்தியிடம் மறைக்கப் போவதில்லை. திருக்கருகாவூர்க் கதையிலிருந்து தொடங்கிச் சொல்லலாம் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள்.

வரும் தை மாதம் முத்தையா சுவாமி சன்னிதியில் காதணி விழா. அழைப்பிதழ் மாதிரியை அச்சகத்தாரிடமிருந்து வாங்கிவந்து படித்துப் பார்த்தோம். தாய்மாமனுக்கு அடுத்த வரியில் பெரிய தாயார், பெரிய தகப்பனார் பெயர்கள். நேற்று சோழவந்தானிலிருந்து அந்த மாமியார் அம்மையாரே தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்துவிட்டு, சற்றுத் தயங்கி, “பத்திரிகையில பாட்டின்னு எம்பேரையும் போடுவீகளா?” என்று கேட்டார். அச்சகத்துக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.